வராதவரின் பெயர் எந்தக் கொப்பியில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆஸ்பத்திரிகளைக் கணினிமயப்படுத்துவது பற்றிய செய்திகள் உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகின்றன. நல்ல விசயம். ஆனால் நீரிழிவுக் கிளினிக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள், நோயாளி கையில் வைத்திருக்கும் கொப்பியை அப்படியே கணினிக்குள் ஏற்றிவிட்டால் சரி என்று நினைக்கிறார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கொப்பி திரையாக மாறினால் டொக்டரின் எழுத்து விளங்கும். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்காது.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். சனங்களுக்கு மிட்வைஃப் மிஸ். இப்போது எனக்கும் சீனி வருத்தம். மாதா மாதம் கொப்பியோடு கிளினிக் வாங்கில் குந்தியிருக்கிறேன். மேசைக்கு இரண்டு பக்கத்திலும் இருந்து பார்த்தவள் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வேலை எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு பெண் கர்ப்பமாகிப் பதிவு செய்ததும் எச் 512 என்ற கர்ப்பப் பதிவு அட்டை போடுவோம். ஒரு பகுதி தாயின் கையில் இருக்கும், மற்றப் பகுதி எங்கள் கையில். இரண்டிலும் ஒரே விபரம்தான். மாதக் கடைசியில் நான் வீட்டு விறாந்தையில் பாயை விரித்து அட்டைகளைப் பரப்புவேன். கிளினிக்குக்கு வந்தவர்களின் அட்டைகளை ஒரு பக்கம் அடுக்கிக்கொண்டு போனால், மிஞ்சுவது வராதவர்களின் அட்டைகள். அடுத்த வாரத்து வேலை அதுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குத்தான் முதலில் போவேன். “என்ன பிள்ளை, ஏன் வரல்ல?” என்று படலையில் நின்று கேட்டால் காரணம் வரும். புருசன் கடலுக்குப் போய்விட்டார், மாமிக்குச் சுகமில்லை, பஸ்ஸுக்குக் காசில்லை. காரணம் தெரிந்துவிட்டால் ஏதாவது செய்யலாம்.

குழந்தைகளுக்கு ஊசி போடுவதும் இதே முறைதான். இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசி பல வருடங்களாக 95 வீதத்துக்கு மேல் நிற்கிறது. யுத்தம் நடந்த காலத்திலும் எங்கள் பக்கம் அது அடியோடு விழுந்துவிடவில்லை. மருந்து நல்ல மருந்து, தாய்மார் விளங்கிக்கொண்டவர்கள், எல்லாம் சரி. ஆனால் எந்தப் பிள்ளை வரவில்லை என்று ஒருத்திக்கு எப்போதும் தெரிந்திருந்தது. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

இனி நீரிழிவுக் கிளினிக்குக்கு வாருங்கள். அங்கே இருப்பது ஒரே ஒரு கொப்பி. அதுவும் நோயாளியின் வீட்டில். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு வந்தவர்களின் பெயர் எழுதும் பெரிய பதிவேடு இருக்கும், அவ்வளவுதான். நோயாளி வந்தால் கொப்பி வரும். நோயாளி வராவிட்டால் கொப்பியும் வராது, அவர் வரவில்லை என்ற செய்தியும் வராது. 2004 சுனாமியில் கரையோரச் சனங்களின் கொப்பிகள் கடலோடு போன பிறகு, என்ன மருந்து குடித்தீர்கள் என்று கேட்டால் “வெள்ளைக் குளிசை மிஸ், வட்டம்” என்றுதான் சொன்னார்கள். முக்கால்வாசிக் குளிசையும் வெள்ளைதான், வட்டம்தான்.

ஒருவரின் கதையை மட்டும் சொல்கிறேன். படுவான்கரையில் வயல் செய்பவர், வயது ஐம்பதைத் தாண்டியவர். வாவியைக் கடந்து ஒழுங்காகக் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தவர், ஒரு பெரும்போக அறுவடையோடு நின்றுவிட்டார். சித்திரை போனது, சிறுபோகமும் முடிந்தது, ஆளைக் காணவில்லை. யாரும் தேடவும் இல்லை. கால் பெருவிரலை எடுத்த பிறகுதான் எனக்கே தெரிய வந்தது. அவருடைய பிள்ளைகள் எல்லாம் என் பதிவேட்டுப் பிள்ளைகள். பார்க்கப் போனேன். கொப்பியை உரப் பையில் சுற்றிக் கூரை வளையில் செருகி வைத்திருந்தார்கள். வாங்கிப் பிரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, சீனி அளவு, பிறசர், அதற்குக் கீழே எல்லாம் அதே மருந்து என்று ஆங்கிலத்தில் ஒரு சுருக்கக் கிறுக்கல். கண்ணைப் பற்றி ஓர் இடத்தில் இருந்தது. சிறுநீரகம் கெடுகிறதா என்று அறியச் சிறுநீரில் புரதம் பார்த்ததாக ஒன்றும் இல்லை. காலைப் பற்றி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு சொல்லும் இல்லை.

ஏன் வராமல் விட்டீர்கள் என்று கேட்டேன். “காலில ஒண்டும் நோகல்ல மிஸ், அதான் வரல்ல” என்றார்.

நோகாமல் போனதுதான் அவருடைய வருத்தம். சீனி கூடிக்கூடி நரம்பு கெட்டால் காலில் முள் ஏறினாலும் தெரியாது. சேற்றுக்குள் நாள் முழுக்க நிற்கிற மனிதருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. பத்துக் கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலோன் இழையை உள்ளங்காலில் தொட்டுப் பார்த்தாலே உணர்ச்சி குறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கலாம். விலையான சாமானும் இல்லை.

அந்தக் கிளினிக்கைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஒரு காலைப்பொழுதில் நூறு, நூற்றைம்பது பேரைப் பார்க்கிற டொக்டரும் இரண்டு மூன்று தாதியரும் வந்தவர்களை அனுப்பி முடிப்பதே பெரிய காரியம். வராதவரை அவர்கள் எதை வைத்து நினைப்பது? பட்டியல் ஒன்று இருந்தால்தானே.

இந்தப் பட்டியலைத்தான் வெளிநாடுகளில் நீரிழிவுப் பதிவேடு என்கிறார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வைத்தியர் எட்வர்ட் வாக்னரும் அவருடைய குழுவும் 1990களில் நீண்டகால நோய்களைப் பராமரிக்க ஒரு மாதிரியை வகுத்தார்கள். அதன் ஆறு அங்கங்களில் ஒன்று கிளினிக் தகவல் முறைமை. அவர்கள் சொன்னதை என் பாஷையில் சொன்னால்: யார் யார் நம் பொறுப்பில் இருக்கிறார்கள், யாருக்கு எந்தப் பரிசோதனை தவறிவிட்டது, நம் கிளினிக் மொத்தத்தில் எப்படிப் போகிறது, இந்த மூன்றையும் காட்ட வேண்டும். சுவீடனில் 1996 முதல் தேசிய நீரிழிவுப் பதிவேடு இருக்கிறது. ஒரு கிளினிக் தன் நிலையை மற்ற இடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஸ்கொட்லாந்தில் நாடு முழுவதற்கும் ஒரே முறைமை. குடும்ப வைத்தியர் எழுதுவதும் ஆஸ்பத்திரி எழுதுவதும் கண் பரிசோதனை முடிவும் ஒரே இடத்தில் சேருகின்றன. நோயாளியும் தன்னுடையதைத் திறந்து பார்க்கலாம்.

இதைக் கேட்டதும் பெரிய மெஷின், பெரிய டெண்டர் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஆளுக்கு ஒரு வரி. கடைசியாக வந்த திகதி, எச்.பி.ஏ.1.சி. (சில மாதச் சீனியைச் சேர்த்துக் காட்டும் இரத்தச் சோதனை), பிறசர், சிறுநீர்ப் புரதம், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தச் சோதனை), கண் பார்த்த திகதி, கால் பார்த்த திகதி, போன் நம்பர். இவ்வளவு போதும். இந்த வரிகளைத் திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்கலாம் என்பதில்தான் கணினியின் பெருமை இருக்கிறது. மூன்று மாதமாக வராதவர் யார்? ஒரு வருடமாகக் கண் பார்க்காதவர் யார்? எச்.பி.ஏ.1.சி. ஒன்பதுக்கு மேல் போயும் அதே மருந்தில் இருப்பவர் யார்? எங்கள் பாயில் அட்டை பரப்பியதை இது ஒரு நிமிசத்தில் செய்துவிடும்.

எச்.பி.ஏ.1.சி.யை ஏன் சொல்கிறேன் என்றால், காலையில் குத்திப் பார்க்கிற சீனியை எங்கள் ஆட்கள் ஏமாற்றப் பழகிவிட்டார்கள். கிளினிக்குக்கு முதல் நாள் சோற்றைக் குறைத்து, மறந்துபோன குளிசையை ஒழுங்காகக் குடித்து, நல்ல பிள்ளையாக வருவார்கள். சீனி 120 என்று வரும், மிஸ்ஸும் சந்தோசப்படுவா. எச்.பி.ஏ.1.சி. இரண்டு மூன்று மாதத்துக் கணக்கு. பலருக்கு அது ஏழுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லா இடத்திலும் எல்லா நேரமும் அதைச் செய்வதில்லை. வசதியானவர்கள் வெளியில் லேப்பில் எடுத்து, தாளை மடித்துக் கொப்பிக்குள் வைப்பார்கள். அடுத்த மாதம் தாள் இருக்காது. அந்த இலக்கமும் ஒரு வரியில் ஏறினால் எவ்வளவு நல்லது.

எங்கள் பக்கத்துக்கென்றே சில கேள்விகளும் இருக்கின்றன. அவற்றைக் கொழும்பில் இருந்து மென்பொருள் செய்கிறவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். ஆடி மாதத்துக் கதிர்காமத் திருவிழாவுக்கு மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறைக் கரையோர ஊர்களிலிருந்தும் சனம் நடையாய் நடக்கும். திருக்கோவில், பொத்துவில், உகந்தை, அதற்கப்பால் குமண, யால காடு. நேர்த்தி என்று பலர் செருப்பில்லாமலே போவார்கள். அதில் சீனி வருத்தக்காரர் எத்தனை பேர்! திரும்பி வந்த பிறகு காலில் கொப்புளம், பிறகு புண். போக வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், சொன்னாலும் கேட்க மாட்டார்கள். ஆனால் கால் உணர்ச்சி குறைந்தவர்களின் பட்டியல் ஆனி மாதத்தில் கையில் இருந்தால், அந்த ஆட்களை மட்டும் கூப்பிட்டுக் காலைப் பார்த்து, செருப்பைப் பற்றிப் பேசி, இரவில் விளக்கடியில் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லி அனுப்பலாம். நோன்பு மாதத்துக்கு முதல் காத்தான்குடியிலும் கல்முனையிலும் இதே மாதிரி இன்சுலின் போடுகிறவர்களைக் கூப்பிட்டு நேரத்தையும் அளவையும் மாற்றிக் கொடுக்கலாம். மார்கழி தை வெள்ளத்தில் பாதை அடைபடும் கிராமங்களுக்குக் கார்த்திகையிலேயே கூடுதல் மருந்து கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டியது பெயர்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். கர்ப்ப காலத்தில் சீனி கூடிய தாய்மார். பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் சீனி இறங்கிவிடும். எல்லாரும் அப்பாடா என்று விட்டுவிடுவார்கள். ஆனால் இந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு அளவு கூட. பிள்ளை பிறந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒருமுறை சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகும் விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டு வர வேண்டும். ஊர் ஊராக இந்தப் பெண்கள் யார் என்று குடும்பநல உத்தியோகத்தரின் அட்டையில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. அந்த அட்டை பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் அலுமாரிக்குப் போகிறது. பதினைந்து வருடம் கழித்து அதே பெண் மயங்கி விழுந்து, சீனி 400 என்று நீரிழிவுக் கிளினிக்குக்குப் புது ஆளாக வருகிறாள். என் கைப்பட அட்டை எழுதிய பெண்ணை, நான் இருக்கிற அதே வாங்கில் பார்த்திருக்கிறேன். தாய் சேய் நலத் தகவலும் நீரிழிவுத் தகவலும் ஒன்றோடொன்று பேசாவிட்டால், எத்தனை கணினி வாங்கினாலும் இந்தப் பெண் விடுபட்டுத்தான் போவாள்.

2011 முதல் தொடங்கிய ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்களிலும் இதே ஓட்டை. 35 வயதைத் தாண்டியவர்களைக் கூப்பிட்டு உயரம், நிறை, சீனி, பிறசர் பார்க்கிறார்கள். சீனி கூடியவருக்குத் துண்டு எழுதிக் கிளினிக்குக்கு அனுப்புகிறார்கள். அவர் அங்கே போய்ச் சேர்ந்தாரா? துண்டு அவருடைய சட்டைப் பையில் இருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2005, 2006இல் நடந்த பெரிய ஆய்வு இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு என்று சொன்னது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலானோருக்குத் தங்களுக்கு வருத்தம் இருப்பதே தெரியாது. அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. கணக்கில் விடுபடுவது எங்களுக்குப் பழகிய விசயம். அதற்காக இனியும் விடுபட வேண்டுமா?

செய்ய ஆட்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தாய் சேய் நலத் தரவுகள் இப்போது டி.எச்.ஐ.எஸ். 2 என்ற இலவச மென்பொருளில் ஏறுகின்றன. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவானது அது. 2020 தை மாதம், கொரோனா நாட்டுக்குள் நுழையும் நேரத்திலேயே, அதே மென்பொருளை வைத்து இலங்கை வைத்தியத் தகவலியலாளர்கள் ஆட்களைத் தொடர்ந்து கண்காணிக்கும் முறையைச் செய்தார்கள். பிறகு பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. விமானத்தில் வந்திறங்கிய ஒருவரைப் பதினான்கு நாள் விடாமல் பின்தொடரத் தெரிந்த நாட்டுக்கு, மண்டூரில் இருக்கும் ஒரு சீனி வருத்தக்காரரைப் பின்தொடர முடியாதா?

முடியும். ஆனால் சில இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, ஆளை அடையாளம் காண்பது. தங்கம்மா என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ‘டி’க்குப் பிறகு ‘எச்’ போட்டு எழுதுவார், இன்னொருவர் ‘எச்’ இல்லாமல் எழுதுவார். முஹம்மது என்பதை எத்தனை விதமாக எழுதலாம் என்று சொல்லவே வேண்டாம். பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். பழையதைக் காட்டி ஒருதரம், புதியதைக் காட்டி ஒருதரம் பதிந்தால் ஒரே மனுசி இரண்டு பேராகிவிடுவாள். ஒருத்தி ஒழுங்காகக் கிளினிக்குக்கு வருவாள். மற்றவளைக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள். சுகாதார அமைச்சு தனிநபர் சுகாதார இலக்கம் என்று ஒன்று வைத்திருக்கிறது. சில ஆஸ்பத்திரிகளில் பார்கோட் அட்டையும் கொடுக்கிறார்கள். அதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பாவித்தால் பாதித் தலையிடி போய்விடும். தனியார் டொக்டர்மாரும் அந்த இலக்கத்தைப் பார்த்தால் இன்னும் நல்லது. கிளினிக்கில் கொடுத்த கிளிக்லசைட்டையும் வெளியில் எழுதிய டயமைக்ரோனையும் சேர்த்துக் குடித்துவிட்டு, சீனி இறங்கி விறைத்து விழுந்த ஆளை எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே மருந்து என்று அவருக்கு யார் சொல்வது?

இரண்டாவது, டொக்டரை டைப் அடிக்க வைக்காதீர்கள். நூற்றைம்பது பேர் காத்திருக்கும்போது அவர் திரையைப் பார்ப்பாரா, எங்கள் முகத்தைப் பார்ப்பாரா? சீனியும் பிறசரும் பார்க்கிற இடத்திலேயே ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருந்து அந்த ஒரு வரியை ஏற்றிவிடலாம். டொக்டருக்கு வேண்டியது, இவருக்குக் கண் பார்க்கவில்லை, கால் பார்க்கவில்லை என்று மேலே சிவப்பில் ஒரு குறிப்பு.

மூன்றாவது, இரகசியம். எங்கள் அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகியிருப்போம். மகளுக்குக் கல்யாணம் பேசும் வீட்டில் தாயின் சீனியைப் பற்றிக் கதை வெளியில் போனால் என்ன நடக்கும் என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது கிளினிக் மேசை வரைக்கும் வர வேண்டும். யார் திறந்து பார்த்தார் என்ற பதிவும் கணினிக்குள் இருக்க வேண்டும்.

கணினி வரும் வரைக்கும் கைகட்டி இருக்கத் தேவையில்லை. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களிடம் நான் கேட்பது இதுதான். மட்டக்களப்பில் ஒரு கிளினிக், கல்முனைப் பிராந்தியத்தில் ஒரு கிளினிக் எடுங்கள். ஒரு பெரிய சி.ஆர். கொப்பியில் மேலே சொன்ன விபரங்களுக்குப் பத்தி பத்தியாகக் கோடு போட்டு, ஒரு ஆளுக்கு ஒரு வரி எழுதத் தொடங்குங்கள். மாதக் கடைசியில் ஒரு பின்னேரம், வராதவர்களைக் கணக்கெடுத்து ஒருவர் போன் எடுக்கட்டும். குறுஞ்செய்தி அனுப்பினால் போதாது. பாதி நம்பர் மகனுடையதாக இருக்கும், அவன் கட்டாரில் இருப்பான். குரலைக் கேட்டால்தான் எங்கள் சனம் வரும். கோடு எங்கே பிழைக்கிறது, எந்தப் பத்தி வேண்டாம், எது கூட வேண்டும் என்பதெல்லாம் அறுவடை ஒன்று, வெள்ளம் ஒன்று போவதற்குள் தெரிந்துவிடும். மென்பொருள் செய்கிறவர்களிடம் அந்தக் கொப்பியைக் கொடுத்தால் அவர்களுக்கும் வேலை இலகு.

கோடு போடவும் போன் எடுக்கவும் எங்களைப் போல ஓய்வுபெற்ற மிட்வைஃப்மார் இந்த இரண்டு பிராந்தியத்திலும் நிறையப் பேர் வீட்டில் சும்மா இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம். சம்பளம் கேட்க மாட்டோம். போனுக்கு ரீலோட் மட்டும் யாராவது போட்டுத் தர வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
எழுவான்கரை, மட்டக்களப்பு மாவட்டம்.